மடி தெரிகிற ஒரு படம்

மான் என்பது கையை நீட்டினால் வருகிற மிருகம் என்று நாற்பத்தெட்டு வயது வரை நம்பியவன் நான்.

என்னை மட்டும் குறை சொல்லாதீர்கள். நான் பார்த்த மான்களெல்லாம் அப்படித்தான் இருந்தன. திருமலைக்கு நடந்து ஏறுகிற வழியில், வேலிக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்று, பக்தர்கள் நீட்டுகிற வெள்ளரிக்காய்த் துண்டுகளை வாங்கித் தின்கிற மான்கள். நான் சித்தூரில் மிஷன் காம்பவுண்டில் வளர்ந்த கிறிஸ்தவன். ஆனாலும் ஆபீஸில் யாராவது மொட்டை போடப் போனால் படம் எடுப்பதற்கு நானும் கூட ஏறுவேன். ஏறும்போது வலிக்கிற முழங்காலுக்கு மதமெல்லாம் தெரியாது. அந்த மான்களில் ஒன்று என் கேமராப் பையின் வாரைத் தின்று பார்த்து, பிடிக்காமல் துப்பியிருக்கிறது. அவ்வளவு பழக்கம்.

அதனால் நமீபியாவிலிருந்து டாக்டர் ரங்கநாயகி மேடம் போன் செய்து, "சாலமன், இங்க மான் படம் எடுக்கணும், வர்றியா?" என்று கேட்டபோது, என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி இது:

"அங்க வெள்ளரிக்கா கெடைக்குமா மேடம்?"

"எதுக்கு?"

"மானுக்கு."

லைன் போய்விட்டதோ என்று நான் இரண்டு தரம் ஹலோ சொன்னேன்.

"கேமராவை மட்டும் எடுத்துண்டு வா" என்றார். வைத்துவிட்டார்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் பார்கவி. நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகு, திருப்பதி ஆபீஸில் என் நாற்காலிக்கு வந்தவள். போன மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஆப்பிரிக்கப் பாலைநிலத்தில் ஓரிக்ஸ் என்கிற பெரிய மான் நிற்கிறது. பின்னால் சூரியன். கீழே கன்று பால் குடிக்கிறது. "சார், ஒரு லைன் டைப் பண்ணேன், கம்ப்யூட்டரே போட்டுக் கொடுத்திடுச்சு. உங்களால கண்டுபிடிக்க முடியுதா, நிஜமா பொய்யான்னு?" என்று கீழே எழுதியிருந்தாள்.

பெரிதாக்கிப் பார்த்தேன். கன்று வாயை வைத்திருந்த இடத்தில் மடி இல்லை. வெறும் வயிறு.

"மடியைக் காணோமே அம்மா, கன்று எதைக் குடிக்குது?" என்று பதில் போட்டேன். அவள் சிரிக்கிற பொம்மைகள் பத்து அனுப்பினாள். பிறகு போனில் கூப்பிட்டு, "சார், எல்லாரும் முகத்தைப் பார்ப்பாங்க, கொம்பைப் பார்ப்பாங்க. உங்களுக்கு மட்டும் ஏன் சார் மொதல்ல அங்க கண்ணு போகுது?" என்று கேட்டாள். வேறு யாராவது கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அவள் கேட்டது தொழில் கேள்வி. போனில் சொல்லி முடியாது, எழுதுகிறேன் என்றேன்.

நான் தொழில் கற்றது சித்தூரில் ஒரு கல்யாண ஸ்டூடியோவில். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாப்பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி வியர்ப்பார்கள். அதற்குப் பிறகு திருப்பதியில் கால்நடை ஆராய்ச்சி செய்கிற ஓர் இடத்தில் போட்டோகிராபர் வேலை கிடைத்தது. "மாட்டுக்கு போட்டோவா? மாடு ஆல்பம் கேக்குமா?" என்று என் நைனா கேட்டார். கேட்கவில்லை. அதனால்தான் அந்த வேலையில் நிம்மதியாக இருந்தேன்.

இன மாடுகளைப் படம் எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. புங்கனூர்ப் பசுவாக இருந்தாலும் ஓங்கோல் காளையாக இருந்தாலும் அதே முறைதான். தரை சமமாக இருக்க வேண்டும். புல் குளம்பை மறைக்கக் கூடாது. கேமரா மாட்டின் வயிற்று உயரத்துக்கு இறங்க வேண்டும், அதாவது நான் சாணத்தில் முட்டி போட வேண்டும். நான்கு காலும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, முகம் ஒன்று. பசுவாக இருந்தால் பின்னாலிருந்து மடி ஒன்று. மாடு தூங்கி வழிந்தால் படம் செல்லாது, காது முன்னால் வர வேண்டும். அதற்கு ஒரு தந்திரம்: எதிரே ஒருவர் நின்று குடையைப் படக்கென்று விரிப்பார். மாடு திடுக்கிட்டுத் தலையைத் தூக்கும், காது முன்னால் வரும், நான் பட்டனை அழுத்துவேன். பசு திரும்பிக்கொண்டு பின்புறத்தைக் காட்டினால் அப்போதும் அழுத்துவேன், மடிப் படம் எப்படியும் வேண்டும் என்பதால். வருஷக்கணக்கில் இதைச் செய்ததில், மாடு திரும்பினால் விரல் தானாக இறங்கும். மூளைக்குச் செய்தி பிறகுதான் போகும்.

ரங்கநாயகி மேடம் கால்நடை டாக்டர், நமீபியாவுக்கு வேலைக்குப் போவதற்கு முன் அங்கே எனக்கு மேலதிகாரி. திருமலைக் கோயிலில் கைங்கர்யம் செய்கிற குடும்பம். எங்கே போனாலும் தன் தண்ணீர்ச் செம்பும் தன் சாப்பாடும் கூடவே வரும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்த மிருகத்தையும் தொடுவதற்கு முன் கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அதன் முன்னால் நின்று பார்ப்பார். சொந்தக்காரன் பேச ஆரம்பித்தால் ஒரு விரலைத் தூக்குவார், அவன் நிறுத்திவிடுவான். பார்த்து முடித்ததும் என் பக்கம் திரும்பாமலே, "சொல்லு" என்பார்.

முதல் தரம் எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "நல்ல மாடு மேடம்" என்றேன்.

"நல்லதுங்கறது எங்க இருக்கு? கொம்புலயா, வால்லயா?"

"ஆரோக்கியமா கீது மேடம்."

"ஏமய்யா சாலமன்" என்றார். அவர் தெலுங்குக்கு மாறினால் கோபம் என்று அர்த்தம். "உன் லென்ஸ்ல ஆரோக்கியம் தெரியறதா? நாலு காலும் தரையில இருக்கு. மூக்கு ஈரமா இருக்கு. அதைச் சொல்லு. படத்துல இருக்கறதை மட்டும் சொல்லு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

அதற்குப் பிறகு படத்தின் கீழே "நல்ல" என்ற வார்த்தையை நான் எழுதியதே இல்லை. வீட்டில் மனைவி புதுப்புடவை கட்டிக்கொண்டு எப்படி இருக்கிறது என்று கேட்டபோதும், "பச்சையா கீது, பார்டர் அகலமா கீது" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ரேணிகுண்டாவில் விமானம் ஏறி, வழியில் மாறி மாறி, கடைசியில் ஒரு சின்ன விமானத்தில் கண்ணை மூடிக்கொண்டு போய் இறங்கினேன். நமீபியாவின் வறண்ட பகுதியில் ஒரு பெரிய தனியார் வனப்பண்ணை. சிவப்பு மணல். நம் ஊர் வேலமரத்தின் பெரியப்பா போல முரட்டு முள் மரங்கள், ஒன்றுக்கொன்று பேச்சு வார்த்தை இல்லாத தூரத்தில். மழை பொய்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. சித்தூர்க்காரனுக்கு வறட்சி புதிதில்லை. ஆனால் எங்கள் ஊரில் தண்ணீர் இல்லாவிட்டால் மனிதர்கள் கூடிச் சண்டையாவது போடுவார்கள். அங்கே சத்தமே இல்லை.

பண்ணைக்குச் சொந்தக்காரர் ஹென்னி. அறுபது வயது, தொப்பி, அரைக்கால் சட்டை, எப்போதும் தோளில் துப்பாக்கி. அவர் பேசியது ஆங்கிலம். எனக்குப் புரிந்த அளவுக்குத்தான் இங்கே தமிழில் தருகிறேன். கோடைக்கு முன்னால் மந்தையில் பாதியை வேறு பண்ணைக்கு அனுப்பத் திட்டம். எதை அனுப்புவது, எதை வைத்துக்கொள்வது என்று மேடம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு ஒவ்வோர் ஓரிக்ஸுக்கும் இரண்டு பக்கமும் முகமும் படம் வேண்டும். அங்கே வேறு போட்டோகிராபர்கள் இல்லையா என்று கேட்டேன். "இருக்கா. எல்லாரும் சூரியனைப் பின்னால வெச்சு எடுக்கறா. எனக்குக் கால் வேணும், வயிறு வேணும்" என்றார் மேடம்.

ஓரிக்ஸைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உயரமும் பருமனும் நம் வண்டிமாடு அளவு. முகத்தில் கறுப்பு வெள்ளையில் முகமூடி போட்டது போல இருக்கும். கொம்பு வளையாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இரண்டு நேரான ஈட்டிகள், எங்கள் சர்ச் கேட்டின் மேலே நிற்கிற கம்பிகளைப் பிடுங்கி நட்டது போல. முதன்முதலில் அதைத் தொலைநோக்கியில் பார்த்தபோது, வெள்ளரிக்காய் கொண்டு வராததற்குக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

ஆனால் குடை கொண்டு போயிருந்தேன்.

தண்ணீர்த் தொட்டிக்கு மந்தை வந்தது. எல்லாம் தலையைக் குனிந்துகொண்டிருந்தன. காது பின்னால் இருந்தது. மாட்டுக்குச் செய்வதை இதற்கும் செய்தால் என்ன என்று பதுங்கிடத்திலிருந்து எழுந்து குடையை விரித்தேன். காது முன்னால் வந்ததா என்று தெரியவில்லை. அடுத்த நொடி அங்கே புழுதி மட்டும்தான் இருந்தது. மந்தை மறுநாள் வரை தண்ணீருக்குத் திரும்பவில்லை. அந்த வறட்சியில் ஒரு மிருகம் ஒரு வேளைத் தண்ணீரை இழப்பது என்னவென்று ஹென்னி என்னிடம் விளக்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தொடையில் ஒரு தரம் தட்டிவிட்டுப் போனார். மேடம் என் கையிலிருந்து குடையை வாங்கிக்கொண்டார். நான் ஊர் திரும்புகிற வரை அது அவர் தலைக்கு மேலேதான் இருந்தது.

அதற்குப் பிறகு அடங்கி ஒடுங்கி வேலை செய்தேன். தொட்டிக்கு எதிரே தரையில் பள்ளம் வெட்டி, மேலே தகரம் போட்டு, ஒரு கை அகலத்துக்குச் சந்து விட்டிருந்தார்கள். உள்ளே ஒருவர் மட்டும் உட்காரலாம். விடிவதற்குள் போய் உட்கார்ந்தால், மந்தை குடித்துவிட்டுப் போன பிறகுதான் வெளியே வர வேண்டும். என் முதுகு டிஸ்க் முதலில் குரல் கொடுத்தது அங்கேதான்.

அப்படி எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மந்தைக்குப் பின்னால் தள்ளி நின்ற ஒரு பெண் ஓரிக்ஸின் கழுத்தில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. முகமூடியின் கோடு என்று நினைத்தேன். மேடம் திரைக்குப் பக்கத்தில் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"சொல்லு."

"கழுத்தைச் சுத்தி கோடு மேடம். ஒரு பக்கம் தோல் மேல ஏறிக்கினு கீது. ஒரு முனை தொங்குது."

"கம்பி" என்றார்.

யாரோ திருட்டு வேட்டைக்காரன் வைத்த சுருக்குக் கண்ணி. இழுத்துப் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது. சுருக்கு கழுத்திலேயே தங்கிவிட்டது.

ஹென்னி படத்தைப் பார்த்தார். அவர் பண்ணையில் ஒரு விதி இருந்தது. பிழைக்க வழியில்லாமல் வலியில் இருக்கிற மிருகம் அங்கே இரண்டாவது நாளைப் பார்க்கக் கூடாது. அதை அவரே சுடுவார், வேறு யாரையும் விடமாட்டார். மயக்க ஊசி போட்டுக் கம்பியை வெட்டலாம். ஆனால் வறட்சியில் இளைத்த மிருகம் மயக்கத்திலிருந்து எழாமலே போவதை அவர் பலமுறை பார்த்திருந்தார். "துப்பாக்கி நல்லது. அதற்கு ஒன்றும் தெரியாமல் முடிந்துவிடும்" என்றார். அவர் குரலில் கொடூரம் எதுவும் இல்லை.

மேடம் ஒரே ஒரு நாள் அவகாசம் கேட்டார். இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும் என்றார். கம்பி மூச்சுக்குழாயை அறுத்திருக்கிறதா? அறுத்திருந்தால் காயத்தில் மூச்சோடு நுரை வரும், அப்படியானால் ஹென்னி சுடட்டும். இரண்டாவது, அதற்குக் கன்று இருக்கிறதா? ஓரிக்ஸ் தன் கன்றைப் புதரில் படுக்க வைத்துவிட்டுப் போகும். தாய் வந்து கூப்பிடும் வரை அது அசையாது. அத்தனை பெரிய நிலத்தில் தாய் இல்லாமல் அந்தக் கன்றை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

"கன்று இருந்தால்?" என்று மேடம் கேட்டார்.

ஹென்னி யோசித்தார். "இருந்தால் ஊசி போடலாம். ஒரே ஒரு முயற்சி. எனக்குப் படத்தில் காட்டுங்கள்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அப்போது சித்தூர் ஞாபகம் வந்தது. வியர்க்கிற மாப்பிள்ளைகள் ஞாபகம் வந்தார்கள்.

மறுநாள் பள்ளத்தில் உட்கார்ந்தேன். மந்தை வந்தது, குடித்தது, போனது. அது வரவில்லை. தகரம் சுட ஆரம்பித்த பிறகு தனியாக வந்தது. வருவதற்கு முன்பே மூச்சு கேட்டது, ஈரத்துணியைக் கிழிப்பது போல. தொட்டியின் எதிர்ப்பக்கம் நின்று எனக்கு நேராகத் தலையைக் குனிந்தது. தொண்டையை எடுத்தேன். நிறைய எடுத்தேன். தண்ணீர் விழுங்குவதற்கு ஒவ்வொரு தரமும் கழுத்தை நீட்டி நிறுத்த வேண்டியிருந்தது அதற்கு.

மடி தெரியவில்லை. அது திரும்பினால்தான் தெரியும். குடித்து முடிந்ததும் திரும்பிப் போகும், அப்போது எடுக்கலாம் என்று காத்திருந்தேன். அது போகவில்லை. ஷட்டர் சத்தம் கேட்டிருக்க வேண்டும். தலையைத் தூக்கி நான் இருந்த சந்துப் பக்கம் பார்த்தது. தொட்டியைச் சுற்றிக்கொண்டு என்னை நோக்கி வந்தது.

மான் என்னிடம் வர வேண்டும் என்று நாற்பத்தெட்டு வருஷமாக எதிர்பார்த்தவனிடம் மான் வந்தது.

சந்துக்கு வெளியே முதலில் கால்கள் தெரிந்தன. பிறகு முகமூடி. பிறகு சந்து முழுவதும் மூக்குதான். சீழ் நாற்றம் உள்ளே வந்தது. கொம்பு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை, தகரத்தில் எதுவோ உரசியது. ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த சங்கீதம் ஒன்றை ஆரம்பித்தேன். இரண்டாவது வரி வரவில்லை. முதல் வரியையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். ரங்கநாயகி மேடத்தின் பெருமாளையும் கூப்பிட்டேன், அந்த நேரத்தில் யார் டியூட்டியில் இருந்தாலும் பரவாயில்லை என்று. நான் கத்தவில்லை என்று இதுவரை பலரிடம் சொல்லியிருக்கிறேன். கத்தினேன். அம்மாடி என்று, நன்றாகவே கத்தினேன்.

அது சுழன்று திரும்பியது. விரல் தானாக இறங்கியது.

வெளியே வந்தபோது என் பேண்டின் நிலைமை பற்றி ஹென்னி ஏதோ சொன்னார். தண்ணீர் பாட்டில் கவிழ்ந்துவிட்டது என்று விளக்கினேன். அது உண்மையும்கூட, பெரும்பாலும்.

படங்களைத் திரையில் போட்டேன். தொண்டைப் படங்களில் கம்பி ஆழமாக இறங்கியிருந்தது. ஆனால் எந்தப் படத்திலும் நுரை இல்லை. மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையை அசைத்தார். கடைசியில் அந்தப் படம் வந்தது. புழுதி, தூக்கிய வால், பின்னங்கால்களுக்கு நடுவே மடி. கூர்மையாக விழுந்திருந்தது.

பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. புங்கனூர்ப் பக்கம் நான் இதைப் பார்த்திருக்கிறேன். கன்று குடிக்கிற மடி தளர்ந்து இருக்கும். இது கல் போல விம்மி, தோல் பளபளத்து, காம்புகள் நாலும் விலகி நின்றன. தொடையின் உட்பக்கம் வெள்ளையாக ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது.

ஹென்னி பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் தமிழில் மெல்லச் சொன்னேன்.

"மேடம், கன்னு குடிக்கல."

"படத்துல கன்னு இருக்கா?"

"இல்ல."

"பால் இருக்கா?"

"கீது மேடம். ஆனா..."

ஒரு விரலைத் தூக்கினார். நான் நிறுத்தினேன். பிறகு ஹென்னியிடம் திரும்பி ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: அதற்குப் பால் இருக்கிறது.

ஹென்னி குனிந்து படத்தைப் பார்த்தார். "அப்படியானால் எங்கோ ஒரு கன்று படுத்திருக்கிறது" என்றார். மேடம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஹென்னி துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, மயக்க மருந்துப் பெட்டியை எடுத்துவரப் போனார்.

அவர் போன பிறகு மேடம் என்னிடம் சொன்னார்: "ரெண்டு காரணம் இருக்கலாம். வலியில தாய் கொடுக்காம இருக்கலாம். அப்படின்னா கன்னு பசியோட படுத்திண்டிருக்கு, இன்னும் நேரம் இருக்கு." இரண்டாவது காரணத்தை அவர் சொல்லவில்லை.

மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன், கிளம்பும்போது எனக்குப் பாடம் நடந்தது. அந்த மயக்க மருந்து ஒரு துளி மனிதன் உடம்பில் போனாலே மூச்சு நின்றுவிடும். அதனால் மேடம் மாற்று மருந்தை ஊசியில் ஏற்றி என் சட்டைப்பையில் வைத்தார்.

"எனக்குத் தப்பா குத்திண்டா, இதைத் தொடையில போடு. யோசிக்காதே, அழாதே. போடு."

"எனக்குக் குத்திக்கினா மேடம்?"

"நான் போடுவேன்."

"ரெண்டு பேருக்கும் குத்திக்கினா?"

"ஏமய்யா" என்று ஆரம்பித்தார். நான் ஜீப்பில் ஏறிக்கொண்டேன்.

மயக்க ஊசியைச் சுடுகிற துப்பாக்கியோடு பள்ளத்தில் மேடம் தனியாக உட்கார்ந்தார். நானும் ஹென்னியும் மணல் மேட்டுக்குப் பின்னால் ஜீப்பில் காத்திருந்தோம். என் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டே இருந்தேன், பால்குடிக் குழந்தையைப் போல. வயர்லெஸ்ஸில் மேடத்தின் குரல் வந்தது. "விழுந்துடுத்து. வா."

அது மார்பைத் தரையில் வைத்துப் படுத்திருந்தது. மேடம் என் துண்டால் அதன் கண்ணைக் கட்டினார், காதில் பஞ்சை அடைத்தார், கொம்பு முனைகளில் ரப்பர் குழாய்த் துண்டுகளைச் செருகினார். தலை தாழ்ந்தால் வயிற்றிலிருப்பது மேலேறி மூச்சை அடைத்துவிடும். அதனால் ஒருவர் கொம்பைப் பிடித்துத் தலையைத் தூக்கி, மூக்கு மட்டும் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்திருக்க வேண்டும். அந்த ஒருவர் நான்.

"மூச்சை எண்ணு. சத்தமா எண்ணு."

தமிழில் ஆரம்பித்தேன். பயத்தில் தெலுங்குக்குப் போய், எப்போது ஆங்கிலத்துக்கு மாறினேன் என்று தெரியவில்லை. ஹென்னி காயத்துக்குள் விரலைவிட்டுக் கம்பியைத் தேடி, கட்டரால் நறுக்கினார். கம்பி வெளியே வந்தபோது சதையோடு வந்தது. மேடம் காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

எண்ணுவதற்கு மூச்சு வரவில்லை.

"மேடம். மேடம், மூச்சு..."

அவர் நிமிரவே இல்லை. "கழுத்தை நேராப் பிடி" என்றார். அதன் வாய்க்குள் கையை விட்டு நாக்கை வெளியே இழுத்தார். விலாவில் உள்ளங்கையால் அழுத்தினார், விட்டார், அழுத்தினார். எனக்குக் கேலி செய்ய ஒன்றும் தோன்றவில்லை அப்போது. என் முழங்கையில் அதன் தாடை இருந்தது. கனமாக, வெதுவெதுப்பாக இருந்தது. எந்த மொழியிலும் எண் வரவில்லை எனக்கு.

பிறகு ஒரு மூச்சு வந்தது. கரகரவென்று, ஆனால் முழுதாக. இன்னொன்று வந்தது.

"எண்ணு" என்றார் மேடம்.

எல்லாம் முடிந்ததும் கழுத்து நரம்பில் மாற்று மருந்தை ஏற்றி, துண்டை உருவிக்கொண்டு, "போ" என்றார். கால் மரத்துப்போயிருந்தது. நாலு காலில் தவழ்ந்து, பிறகு ஓடி, ஜீப்பின் கதவைத் திறக்கத் தோன்றாமல் ஜன்னல் வழியாக ஏறினேன். உள்ளே விழுந்து நிமிர்ந்து பார்த்தபோது அது எழுந்து நின்றுகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே நின்றது. தலையை இரண்டு தரம் உதறியது. பிறகு மந்தை போன திசைக்கு எதிர்த்திசையில் நடந்தது. வெகுதூரம் பின்தங்கி நாங்கள் தொடர்ந்தோம். ஒரு முட்புதரை அடைந்து நின்று தலையைக் குனிந்தது.

"கன்று அங்கேதான்" என்றார் ஹென்னி. முகம் முழுவதும் சிரித்தார். அவரை அப்படி நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். என் தோளில் அறைந்தார்.

மேடம் குடைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். "பெரிய லென்ஸைப் போடு" என்றார். போட்டேன்.

"சொல்லு."

"தாய் தெரியுது மேடம். தலை குனிஞ்சிக்கினு கீது. காது முன்னால கீது."

"அப்புறம்?"

"வாய் அசையுது. கூப்பிடுது போல..." நிறுத்திக்கொண்டேன். "வாய் அசையுது மேடம்."

"அப்புறம்?"

"புதர் தெரியுது."

"அப்புறம்?"

"அவ்ளோதான் மேடம்."

ஹென்னிக்கு நாங்கள் பேசியது புரியவில்லை. சிரித்துக்கொண்டே ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றி எனக்கு நீட்டினார். வாங்கிக்கொண்டேன். தாய் குனிவதும் நிமிர்வதுமாக அங்கேயே நின்றது. வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. ஹென்னி காப்பியை முடித்தார். பிறகு அவரும் தொலைநோக்கியை எடுத்துப் புதரைப் பார்த்தார்.

மாலையில் அது புதரை விட்டுத் தண்ணீர்ப் பக்கம் நடந்தது. தனியாக. அது மேட்டைத் தாண்டும் வரை இருந்துவிட்டு நாங்கள் புதருக்குப் போனோம்.

கன்று சுருண்டு படுத்திருந்தது. மணலின் நிறமே அதற்கும். முன்னாலிருந்து பார்த்தால் தூங்குவது போல இருந்தது. பின்பக்கத்தை நரி தின்றிருந்தது. மேடம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் முன் நின்றார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பிறகு முட்டி போட்டு, வாயைத் திறந்து பார்த்தார், காலை மடக்கிப் பார்த்தார்.

"எப்போது?" என்று ஹென்னி கேட்டார்.

"நேற்றில்லை. அதற்கும் முன்னால்."

ஹென்னி கன்றைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா?"

"அதற்குப் பால் இருந்தது தெரியும்" என்றார் மேடம்.

ஹென்னி தொப்பியைக் கழற்றினார். திரும்பவும் போட்டுக்கொண்டு போய் ஜீப்பைக் கிளப்பினார்.

நான் அங்கே இருந்தவரை அந்தத் தாய் தினமும் மந்தையோடு தண்ணீருக்கு வந்தது. காயம் ஆறிக் கழுத்தில் ஒரு வளையமாக நின்றது. மடி வற்றியது. இடப்பக்கம், வலப்பக்கம், முகம் மூன்றையும் ஒழுங்காக எடுத்தேன்.

நான் பள்ளத்தில் உட்கார்ந்து படம் எடுத்த நாளுக்கு முன்பே கன்று செத்துப்போயிருந்தது. அது உயிரோடு இருக்கிறது என்று ஹென்னி நினைத்ததால் தாயைச் சுடவில்லை. தாய் பிழைத்தது.